கடல் நீர் எங்கிருந்து வந்தது? ஒரு கண்காட்சி மேசை, நான்கு விடைகள்

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு "பூமிக்குத் தண்ணீர் எப்படி வந்தது" என்ற தலைப்பை எடுத்தால், பலருக்கும் முதலில் தோன்றுவது டிரை ஐஸால் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) செய்த வால்விண்மீன் மாதிரி. புகை கிளம்பும், கூட்டம் சேரும், நடுவரும் ஒரு நிமிடம் நிற்பார். ஆனால் அந்த மாதிரி சொல்கிற விடையை இன்றைய அளவீடுகள் ஏற்பதில்லை. அதற்குப் பதிலாக மேசை நடுவில் எதை வைப்பது என்று கடலூர், புதுச்சேரிப் பக்கத்து ஆசிரியர்களும் துளிர் இல்லங்களும் கல்லூரி அறிவியல் மன்றங்களும் முடிவெடுக்கத்தான் இந்த ஒப்பீடு.

போட்டியில் இருக்கும் விடைகள் நான்கு. ஒன்று, வால்விண்மீன்கள். இரண்டு, வியாழனுக்கு அருகிலும் அதற்கு அப்பாலும் உருவாகி, களிமண் போன்ற தாதுக்களில் நீரைக் கட்டிவைத்த கரிமச் சிறுகோள்கள். மூன்று, பூமி எந்தக் கற்களிலிருந்து திரண்டதோ அந்தக் கற்களே. இவற்றுக்கு மிக நெருங்கிய உறவு என்ஸ்டடைட்டு காண்ட்ரைட்டு எனும் விண்கற்கள். நான்கு, கோள்கள் பிறந்த காலத்தில் சூரியனைச் சுற்றியிருந்த நெபுலா வாயு.

ஒரே மேசை, ஒரே விடை என்றால் எங்கள் பரிந்துரை மூன்றாவது. அதோடு ஒரு நிபந்தனையும் உண்டு: காற்றுக்குத் தனிக் கணக்கு காட்ட வேண்டும். தண்ணீரையும் காற்றையும் ஒரே வண்டியில் ஏற்றி அனுப்பப் பார்த்த விடைகள்தான் இதுவரை தடுமாறியிருக்கின்றன.

எடை முதலில்

புவியின் நிறை ஏறத்தாழ 6 கோடி கோடி கோடி டன். கடல்கள் அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 14,000 கோடி கோடி டன். பங்காகச் சொன்னால் 0.023 விழுக்காடு. இந்த எண்ணைச் சுவரில் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். ஒரு தட்டில் 10 கிலோ கருங்கல் ஜல்லியைக் கொட்டுங்கள். பக்கத்தில் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் 2.3 மில்லிலிட்டர் தண்ணீரைச் சிரிஞ்சால் அளந்து ஊற்றி இறுக்கி மூடுங்கள். ஜல்லிதான் பூமி, குப்பிதான் எல்லாக் கடல்களும். மூடாமல் விட்டால் மின்விசிறிக் காற்றில் மதியத்துக்குள் கடல் வற்றிவிடும். குப்பியின் வாயில் மெழுகு வைப்பது நல்லது.

இந்தத் தட்டு வந்தவுடன் கேள்வியின் திசை திரும்பிவிடுகிறது. "இவ்வளவு தண்ணீரா!" என்று வியந்தவர், "10 கிலோ கல்லுக்கு அரை டீஸ்பூன்கூட இல்லையா?" என்பார். அவ்வளவு சொற்பத்தை வெளியிலிருந்து கொண்டுவந்தே தீரவேண்டுமா என்ற ஐயம் அங்கேயே பிறக்கும். இதே அளவுகோலில் நம் வளிமண்டலம் 9 மில்லிகிராமுக்கும் குறைவு; பள்ளித் தராசில் ஏறாது. 10 கிலோ வெள்ளிக் கோளை எடுத்தால் அதன் வளிமண்டலம் மட்டும் 1 கிராம்.

இந்த அளவுகோலில் நான்கு விடைகளுமே தேறிவிடும். கரிம விண்கல்லில் பத்தில் ஒரு பங்கு நீர் என்று கொண்டால், 10 கிலோவில் 23 கிராம் போதும். பாதி பனிக்கட்டியான வால்விண்மீன் என்றால் 5 கிராமே அதிகம். ஆகவே எடையை வைத்து எதையும் தள்ள முடியாது, வடிகட்டுவது ஐசோடோப்பு, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகள்.

அரிசி ஜாடிகள்

தண்ணீரிலுள்ள ஹைட்ரஜனில் மிகச் சிறு பகுதி கன ஹைட்ரஜன், அதாவது டியூட்டீரியம். கடல் நீரில் ஏறத்தாழ 6,420 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்று. மொட்டைமாடியில் நிற்கும் 1,000 லிட்டர் தொட்டி நிறைய நீர் இருந்தால் அதில் டியூட்டீரியம் சுமார் 34 கிராம். சூரியனுக்கு அருகே வெப்பத்தில் உருவான பொருளில் இந்த விகிதம் குறைவாகவும், தொலைவில் கடுங்குளிரில் உறைந்த பனியில் கூடுதலாகவும் இருக்கும். எனவே இது பிறந்த ஊரைக் காட்டும் முத்திரை.

கண்ணால் காட்ட ஐந்து ஒரே அளவு ஜாடிகள் வேண்டும். சன்ன ரக அரிசியில் 500 மணிகளை எண்ணி, 0.1 கிராம் வரை காட்டும் தராசில் நிறுத்து, அந்த எடையை 128.4ஆல் பெருக்குங்கள். அது 64,200 அரிசியின் எடை. ரகத்தைப் பொறுத்து ஒரு கிலோவை ஒட்டி வரும். ஒவ்வொரு ஜாடியிலும் அவ்வளவு அரிசி. அதில் கறுப்பு மணிகள்: கடலுக்கு 10, ஹாலி வால்விண்மீனுக்கு 20, 67பி வால்விண்மீனுக்கு 34, என்ஸ்டடைட்டு கல்லுக்கு 9, சூரிய நெபுலாவுக்கு 1.

கறுப்புக்குக் கடுகோ முழு உளுந்தோ போடுவது எளிது என்று தோன்றும். போடாதீர்கள். ஜாடியைக் குலுக்கக் குலுக்கக் கடுகு அடியில் இறங்கிவிடும், உளுந்து மேலே ஏறிவிடும். பார்வையாளர் பார்க்கும்போது எண்ணிக்கை பொய் சொல்லும். அதே அரிசியில் சிலவற்றை இந்தியன் இங்க்கில் நனைத்து இரண்டு நாள் நிழலில் உலர்த்திப் போடுங்கள். நம் கடற்கரை ஈரத்தில் அரைகுறையாய்க் காய்ந்த மை பக்கத்து அரிசியிலும் ஒட்டும். பிறகு ஒன்று இரண்டாகிவிடும், சூரிய நெபுலா கெட்டுப்போகும்.

வால்விண்மீன்: கூட்டம் சேர்க்கும், கணக்குத் தவறும்

1986இல் ஜியோட்டோ விண்கலம் ஹாலியில் அளந்தபோது கடலைப்போல் இரு மடங்கு டியூட்டீரியம் வந்தது. 1990களில் ஹயகுட்டாகே, ஹேல்-பாப் இரண்டும் அதையே சொன்னன. 2011இல் ஹெர்ஷல் தொலைநோக்கி ஹார்ட்லி 2 என்ற வால்விண்மீனில் ஏறக்குறைய கடல் விகிதத்தையே கண்டது. நம்பிக்கை மீண்டது. 2014இல் ரோசெட்டா விண்கலம் 67பியை அடைந்து, கடலைப்போல் மூன்று மடங்குக்கு மேல் என்றது. நம்பிக்கை மறுபடி விழுந்தது. 2019இல் வெளியான அளவீட்டில் விர்ட்டானன் வால்விண்மீன் கடலோடு ஒத்துப்போனது. 2024இல் ரோசெட்டா தரவுகளை மறுபடி அலசியவர்கள், வால்விண்மீனின் அருகே பறக்கும் தூசியில் ஒட்டிய பனி அந்த விகிதத்தைக் கூட்டிக் காட்டியிருக்கிறது என்றார்கள்.

ஆக, வெறும் டியூட்டீரியத்தை வைத்து வால்விண்மீனைத் தள்ளிவிடலாம் என்று எழுதும் அட்டையும் இன்று பழையதுதான். அதை உண்மையில் வீழ்த்துவது ஆர்கான். 67பியில் நீரோடு ஒப்பிட்டால் ஆர்கான் ஏராளம். கடல் முழுவதையும் அப்படிப்பட்ட வால்விண்மீன்கள் நிரப்பியிருந்தால், காற்றில் ஆர்கான்-36 இப்போதிருப்பதைப்போல் பலப்பல மடங்கு இருக்க வேண்டும். இல்லை. அதன்படி கடலில் வால்விண்மீனின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் கீழே.

ஆனால் அதே 67பியின் ஸெனான் ஐசோடோப்புகளை 2017இல் பொருத்திப் பார்த்தபோது, நம் காற்றிலுள்ள ஸெனானில் சுமார் 22 விழுக்காடு வால்விண்மீன்களிலிருந்து வந்தது என்று தெரிந்தது. தண்ணீரில் ஒரு விழுக்காடுகூடத் தராதது, ஓர் அரிய வாயுவில் ஐந்தில் ஒரு பங்கைத் தந்திருக்கிறது. மேசையில் வால்விண்மீனுக்கு இடம் வேண்டுமானால் அது இந்த ஸெனான் மூலைதான்.

டிரை ஐஸ் மாதிரியைச் செய்தே தீருவோம் என்பவர்களுக்கு: 2 கிலோ டிரை ஐஸ், 1 லிட்டர் தண்ணீர், இரண்டு கைப்பிடி செம்மண், சில சொட்டு அம்மோனியா, ஒரு மேசைக்கரண்டி வெல்லப்பாகு. தடித்த பிளாஸ்டிக் பை விரித்த வாளியில் தண்ணீர், மண், பாகு, அம்மோனியாவைக் கலந்து, பொடித்த டிரை ஐஸைக் கொட்டி, தோல் கையுறையோடு பையை வெளியிலிருந்து அமுக்கி உருட்ட வேண்டும். தண்ணீரை அளவுக்குக் குறைத்தால் உருண்டை உதிரும்; பையின் வாயைக் கட்டினால் வெடிக்கும். மைனஸ் 78 டிகிரியில் வெறுங்கை பட்டால் தோல் வெந்தது போலாகும். எல்லாவற்றையும்விட முக்கியமானது: ஒரு கிலோ டிரை ஐஸ் சுமார் 550 லிட்டர் கார்பன் டை ஆக்சைடாக விரியும். மூன்று மீட்டர் சதுர அறையில் மூடிய சன்னல்களோடு 2 கிலோ ஆவியானால் காற்றில் 4 விழுக்காடு. அது உயிருக்கு ஆபத்தான அளவு. தாழ்வாரத்திலோ மரத்தடியிலோ வையுங்கள், ஏசி அறை வேண்டாம். முந்தின நாளே வாங்கித் தெர்மோகோல் பெட்டியில் வைத்தால் காலையில் கணிசமான பங்கு காணாமல் போயிருக்கும். மூடியை டேப் போட்டு முழுதாக அடைக்கவும் கூடாது.

கரிமச் சிறுகோள்: பாதுகாப்பான தேர்வு

பாடநூல் மனநிலையுள்ள நடுவருக்கு இது பிடிக்கும். 1864இல் பிரான்சில் விழுந்த ஆர்கேய், 1969இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் முதலிய கரிம விண்கற்கள் தாதுக்களுக்குள் நீரைச் சுமந்தவை. ஹயாபூசா 2 விண்கலம் 2020 டிசம்பரில் ர்யூகு சிறுகோளிலிருந்து 5.4 கிராமும், ஓசிரிஸ்-ரெக்ஸ் 2023 செப்டம்பரில் பென்னுவிலிருந்து 121.6 கிராமும் கொண்டுவந்தன. பென்னு மண்ணில் உப்பு நீர் வற்றியபின் படியும் தாதுக்களும் அம்மோனியாவும் இருந்தன.

இவற்றின் டியூட்டீரியம் கடலோடு நன்றாகப் பொருந்துகிறது. நைட்ரஜனும் பொருந்துகிறது. நம் காற்றில் 272 நைட்ரஜன்-14 அணுவுக்கு ஒரு நைட்ரஜன்-15. சூரியனில் 441க்கு ஒன்று. வால்விண்மீன்களில் ஏறத்தாழ 140க்கு ஒன்று. கரிமக் கற்கள் நம் அளவை ஒட்டியே நிற்கின்றன. நைட்ரஜனுக்கு இவற்றைவிட நல்ல சாட்சி வேறில்லை.

இடிக்கிற இடம் வேறு. குரோமியம், டைட்டேனியம், மாலிப்டினம் ஆகியவற்றின் ஐசோடோப்புகள் புவியின் பெரும்பகுதி உள்வட்டப் பொருள், அதாவது சூரியனுக்கு அருகே உருவானது என்றே சொல்கின்றன. கரிமச் சரக்கின் பங்கு நூற்றுக்குச் சில விழுக்காடு. சரி, கடைசியில் கொஞ்சம் விழுந்திருந்தாலே போதுமே என்று கேட்கலாம். புவியின் இரும்புக் கருவம் பிரிந்தபின் விழுந்த கடைசிச் சரக்கு மொத்த நிறையில் சுமார் அரை விழுக்காடு. நம் தட்டில் 50 கிராம். அது முழுக்கக் கரிமக் கல்லாக இருந்திருந்தால் இரண்டு கடல் கிடைக்கும். 2017இல் ருத்தேனியம் ஐசோடோப்பை அளந்தவர்கள் அந்தக் கடைசிச் சரக்கும் உள்வட்டத்தைச் சேர்ந்ததே என்று கதவை மூடினார்கள். 2020இல் கிரீன்லாந்தின் மிகப் பழைய பாறைகளில் வேறு ருத்தேனியம் தென்பட, கதவு பாதி திறந்தது. இந்த வழக்கு முடியவில்லை.

மேசையில் காட்ட மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போதும். உலர்ந்த நீலப் படிகம் 5 கிராமில் 1.8 கிராம் நீர் கட்டுண்டிருக்கிறது. கடினக் கண்ணாடிச் சோதனைக்குழாயில் போட்டு, வாய்ப் பக்கம் சற்றுக் கீழே சாய்ந்திருக்கும்படி பிடித்து மெல்லச் சூடாக்கினால் நீலம் வெளிறி வெள்ளையாகும். குழாயின் வாயில் நீர்த்துளி கோக்கும். வாயை மேல்நோக்கிப் பிடித்தால் துளி திரும்ப ஓடி, சூடான அடிப்பகுதியைப் பிளந்துவிடும். தீயைக் கூட்டினால் வெண்பொடி கருத்து, மூச்சைத் திணறவைக்கும் கந்தகப் புகை வரும். ஆவியில் ஒரு பங்கு வெளியே போய்விடுவதால் 1.8 கிராம் முழுதாகக் கைக்கு வராது. அதற்கு முன்னும் பின்னும் குழாயை எடைபோட்டுக் குறைவைக் காட்டுவதே நம்பகமானது. மயில்துத்தம் நஞ்சு, சிறு வகுப்புப் பிள்ளைகள் கைக்குக் கொடுக்கக் கூடாது.

வீட்டுக் கல்: எங்கள் தேர்வு

என்ஸ்டடைட்டு காண்ட்ரைட்டு பார்வைக்கு எலும்புபோல் உலர்ந்தது. சூரியனுக்கு அருகே, ஆக்சிஜன் குறைந்த சூழலில் உருவானது. அதனாலேயே அதில் நீர் தேட நெடுங்காலம் யாரும் மெனக்கெடவில்லை. ஆனால் ஆக்சிஜன், குரோமியம், டைட்டேனியம், கால்சியம் என்று எந்த ஐசோடோப்பை எடுத்தாலும் புவியோடு மிக நெருங்கி வருவது இதுதான். 2020இல் பிரான்சின் நான்சி நகர ஆய்வகத்தார் இவ்வகைக் கற்கள் 13ஐ அளந்தார்கள். நீராகக் கணக்கிட்டால் எடையில் 0.08 முதல் 0.54 விழுக்காடு வரை ஹைட்ரஜன் இருந்தது. நம் தட்டின் கணக்கில் 10 கிலோவுக்கு 8 முதல் 54 மில்லிலிட்டர். குப்பியில் இருப்பதோ 2.3. குறைந்தது மூன்று கடலுக்கான ஹைட்ரஜன் கட்டுமானக் கல்லிலேயே இருந்தது என்று அவர்கள் முடிவுசெய்தார்கள். டியூட்டீரிய விகிதமும் புவி மூடகத்தின் (மேலோட்டுக்கும் கருவத்துக்கும் இடைப்பட்ட பாறை அடுக்கு) விகிதத்தோடு ஒத்தது.

எதிர்வாதங்களையும் மேசையில் சொல்ல வேண்டும், மறைத்தால் விவரமறிந்த நடுவர் பிடித்துவிடுவார். முதலாவது கலப்படம். விண்கல் தரையில் விழுந்த நிமிடத்திலிருந்து நம் காற்றின் ஈரத்தை உறிஞ்சத் தொடங்கும். கடலூர் ஈரத்தில் திறந்து வைத்தால் அதன் இரும்பு துருவேறி, அளப்பதெல்லாம் நம் ஊர் நீராகவே இருக்கும். 2025இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் அண்டார்க்டிகாவில் கிடைத்த ஒரு கல்லை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தார்கள். ஹைட்ரஜன் பெரும்பாலும் கந்தகத்தோடு பிணைந்து கல்லின் உட்பொருளில் இருந்தது. விரிசலும் துருவும் உள்ள பகுதிகளில் மிகக் குறைவாகவே இருந்தது. வெளியிலிருந்து புகுந்ததாயின் நேர்மாறாக இருந்திருக்கும். இந்தக் கேள்விக்கு அது போதுமான பதில் என்பது எங்கள் கருத்து.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கனமானது. கோள்கள் நேராகக் காண்ட்ரைட்டுக் கல்லிலிருந்து திரளவில்லை. பல சிறு கோள்கள் முதலில் உருகி, பிறகு மோதிச் சேர்ந்தன. அப்படி உருகிய சிறு கோள்களிலிருந்து வந்த விண்கற்களை 2023இல் அளந்தபோது, நீர் பத்து லட்சத்தில் இரண்டு பங்குகூட இல்லை. உருகும்போதே எல்லாம் பறந்துவிட்டால் வீட்டுக் கல்லின் இருப்பு வீணே. இதற்கு விடை, பூமி திரண்டதில் உருகாத கல்லுக்கும் பெரும் பங்கு இருந்தது என்று காட்டுவதில்தான் இருக்கிறது. இதுவரை யாரும் முழுதாகக் காட்டவில்லை. மூன்றாவதாக, சிலிக்கான், மக்னீசியம் விகிதத்தில் இந்தக் கல்லும் புவியும் ஒத்துப்போகவில்லை. ஐசோடோப்பில் இரட்டைப்பிறவி, வேதிக் கலவையில் இல்லை.

இவ்வளவு ஓட்டை இருந்தும் ஏன் இதைத் தேர்வது? மற்ற மூன்றும் நீரைக் கொண்டுவர ஒரு தனி நிகழ்வை வேண்டுகின்றன: வியாழன் இடம்பெயர்ந்து சிறுகோள்களை உள்ளே தள்ள வேண்டும், வால்விண்மீன் மழை வேண்டும், நெபுலா கலையும் முன் கோள் பருக்க வேண்டும். இது எதையும் கேட்கவில்லை. சரியானால் மற்ற விண்மீன்களின் பாறைக் கோள்களுக்கும் அப்படியே பொருந்தும். அதோடு, மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியின் 440 கோடி ஆண்டுப் பழைய சிர்க்கான் மணிகளின் ஆக்சிஜன், பூமியில் அப்போதே நீர் இருந்தது என்று காட்டுகிறது. அவ்வளவு சீக்கிரம் நீர் இருந்ததற்கு வீட்டுச் சரக்கே எளிய விளக்கம்.

இதற்கான சோதனைதான் நான்கிலும் மலிவு. "உலர்ந்த பொருளில் ஹைட்ரஜன் இருந்தால் போதும், ஆக்சிஜன் சேர்ந்ததும் நீர் பிறக்கும்" என்பதைச் சமையல் கேஸே காட்டும். எவர்சில்வர் சொம்பில் குழாய்த் தண்ணீர் நிரப்பி, அடிப்பக்கத்தைத் துணியால் நன்றாகத் துடைத்து, சிறு தீயில் ஒரு சாண் உயரத்தில் காட்டுங்கள். சில நொடிகளில் அடியில் மூட்டம் படரும், துளி கோக்கும்; பாத்திரம் சூடேறியதும் மறையும். 100 கிராம் கேஸ் எரிந்தால் 150 கிராமுக்கு மேல் நீர். ஒரு கிராம் ஹைட்ரஜன் 9 கிராம் நீராகும் என்பதே சூட்சுமம்.

நம் பக்கத்தில் இது கெட்டுப்போவது ஒரே இடத்தில். மூட்டம் நன்றாகத் தெரியட்டும் என்று சொம்பில் ஐஸ் போடுவார்கள். கடற்கரைக் காற்றில் ஐஸ் சொம்பு அடுப்பே இல்லாமல் வியர்க்கும். நடுவர் "இது காற்றிலிருந்த ஈரம்தானே" என்று கேட்டால் பதில் இருக்காது. 28 டிகிரி குழாய்த் தண்ணீர் தானாக வியர்ப்பது அரிது. இரண்டு சொம்பு வையுங்கள்: ஒன்று தீமேல், ஒன்று பக்கத்தில் சும்மா. சும்மா இருப்பது உலர்ந்திருந்தால் மட்டுமே சோதனை செல்லும். அட்டையில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: அடுப்பில் ஆக்சிஜன் காற்றிலிருந்து வருகிறது, உருகிய கோளிலோ பாறையிலிருந்து. ஜல்லியின் எடையில் ஏறத்தாழ பாதி ஆக்சிஜன் என்பது பலருக்கும் புதுச் செய்தியாக இருக்கும்.

நெய்வேலிப் பக்கத்திலிருந்து வரும் பார்வையாளர், "எங்கள் சுரங்கத்தில் இரவும் பகலும் இறைக்கிறார்களே, அது பூமிக்குள்ளிருந்து வரும் நீரா?" என்று நிச்சயம் கேட்பார். இல்லை. அது கடலூர் மணற்கல்லில் இறங்கிய மழை, பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தில் நிற்பது. நாம் பேசும் ஆதி நீர் பல நூறு கிலோமீட்டர் ஆழத்தில், தாதுப் படிகங்களுக்குள் ஹைட்ரஜனாக உட்கார்ந்திருப்பது.

நெபுலா வாயு

இதைச் சுருக்கமாக முடிக்கலாம். கோள் போதிய அளவு பருத்துவிட்டால் சுற்றியுள்ள ஹைட்ரஜனை ஈர்த்துப் பிடிக்கும். அது கற்குழம்பிலுள்ள இரும்பு ஆக்சைடோடு சேர்ந்து இரும்பும் நீருமாக மாறும். அழகான வேதியியல். ஆனால் வாயு வட்டு சில பத்து லட்சம் ஆண்டுகளே நீடிக்கும். டியூட்டீரியமும் கடலைவிட ஏழில் ஒரு பங்குதான். கடல் முழுவதையும் இதற்கு எழுதிவைக்க முடியாது. ஆனால் ஓரளவு உள்ளே போயிருக்கிறது என்பதற்கு நியான் சாட்சி. காற்றில் நியான்-20க்கும் நியான்-22க்கும் உள்ள விகிதம் 9.8. ஆழ் மூடகத்திலிருந்து எழும் எரிமலைப் பாறைகளில் அது 13ஐத் தொடுகிறது. நெபுலாவின் விகிதம் 13.4ஐ ஒட்டியது. மேசையில் ஒரு சிறு சீட்டுப் போதும். தொலைதூரக் கோள்களைப் பற்றிப் பேசும் கல்லூரி மன்றத்துக்கு மட்டும் இதை மையமாக வைக்கச் சொல்வோம். பருத்த பாறைக் கோள்களில் இந்த வழி முக்கியமாக இருக்கலாம்.

காற்றின் தனிக் கணக்கு

நான்கு விடைகளையும் ஒப்பிடுவோர் வழுக்குவது இங்கேதான். காற்றை ஒரே பொருளாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆக்சிஜன் உயிரினங்கள் செய்தது, எங்கிருந்தும் வந்திறங்கவில்லை. ஆர்கான் காற்றில் 0.93 விழுக்காடு, சாதாரண வகுப்பறையில் பல நூறு லிட்டர். அதில் 99.6 விழுக்காடு ஆர்கான்-40. அது பாறையிலுள்ள பொட்டாசியம்-40 சிதைந்து இங்கேயே பிறந்தது. பொட்டாசியம்-40இன் அரைவாழ்வு 125 கோடி ஆண்டு. சிதைவதில் ஏறத்தாழ 11 விழுக்காடு ஆர்கானாகிறது, மீதி கால்சியம். வெளியிலிருந்து வந்ததைக் கேட்க வேண்டுமானால் ஆர்கான்-36ஐக் கேட்க வேண்டும். அதில் வெள்ளி நம்மைவிடப் பல பத்து மடங்கு பணக்காரன்.

வெள்ளி என்றதும் புதுச்சேரிக்காரர்களுக்கு ஓர் உரிமை உண்டு. 1761இல் சூரியனைக் கடக்கும் வெள்ளியைப் பார்க்கப் பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்டீல் 1760இல் புதுச்சேரிக்குப் புறப்பட்டார். ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டதால் கப்பலிலேயே நாள் கழிந்தது. 1769 ஜூனில் புதுச்சேரியிலேயே காத்திருந்தார், மேகம் மறைத்துவிட்டது. அவர் தவறவிட்ட 1761 நிகழ்வில்தான் வெள்ளிக்கு வளிமண்டலம் உண்டு என்று ரஷ்யாவின் லமனோசவ் ஊகித்தார். அட்டையில் இரண்டு வரிக்கு நல்ல சரக்கு.

அந்த வளிமண்டலம் 92 மடங்கு அழுத்தம், 96.5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு. நைட்ரஜன் 3.5 விழுக்காடுதான் என்றாலும் மொத்தத்தில் நம்மிடம் இருப்பதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. கார்பனில் நாம் ஏழையில்லை, நம்முடையது கல்லாகிவிட்டது. அரியலூர் சிமென்ட் ஆலைகள் வெட்டும் சுண்ணாம்புக்கல்லில் 100 கிராமுக்கு 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு. மேசைக்கு, கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சலை நன்றாகப் பொடித்து 1 கிராம், 50 மில்லிலிட்டர் வினிகர் உள்ள பாட்டிலில் போட்டு, வாயில் பலூனை மாட்டுங்கள். கணக்குப்படி 240 மில்லிலிட்டர் வாயு. கொஞ்சம் வினிகரிலேயே கரைந்துவிடுவதால் பலூன் அதைவிடச் சிறிதாகவே ஊதும். பொடிக்காமல் துண்டாகப் போட்டால் நடுவர் போனபிறகுதான் பலூன் எழும்.

வெள்ளியிலும் செவ்வாயிலும் அரிசி ஜாடி வேறு கதை சொல்லும். செவ்வாயின் காற்றில் டியூட்டீரியம் கடலைப்போல் ஐந்தாறு மடங்கு: கறுப்பு மணி 50, 60. வெள்ளியில் நூறு மடங்குக்கும் மேல்: ஆயிரத்தைத் தாண்டும். இதைப் பார்த்து அவற்றின் நீர் வால்விண்மீனிலிருந்து வந்தது என்று யாரும் எழுதிவிடக் கூடாது. லேசான ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பிப்போக, கனமானது தங்கிவிட்டதன் தழும்பு அது. இந்த விகிதத்தை அளக்கவே நம் மங்கள்யானில் லைமன் ஆல்ஃபா ஒளிமானி ஒன்று இருந்தது. செவ்வாயின் ஆர்கானில் மூன்றில் இரண்டு பங்கு தொலைந்துவிட்டது என்று மேவன் விண்கலத் தரவுகளும் சொல்கின்றன. கொண்டுவந்தது எவ்வளவு என்பதோடு தொலைத்தது எவ்வளவு என்பதையும் எழுதாத ஜாடி தவறாகவே படிக்கப்படும்.

யாருக்கு எது

ஆறு முதல் எட்டாம் வகுப்பு: ஜல்லித் தட்டு, இரண்டு சொம்பு, கிளிஞ்சல் பலூன். ஐசோடோப்பு வேண்டாம். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை: அதோடு அரிசி ஜாடி ஐந்தும், மேற்பார்வையோடு மயில்துத்தமும். அரங்கில் அடுப்பு கூடாது என்று சொல்லிவிட்டால் சொம்புச் சோதனையைக் கைப்பேசியில் படம்பிடித்துக் காட்டலாம். அப்போதும் சும்மா இருக்கும் இரண்டாவது சொம்பு படத்துக்குள் இருக்க வேண்டும். கல்லூரி மன்றங்கள் நான்கு விடைகளையும் ஒரே பலகையில் போட்டு, ஹைட்ரஜன், நைட்ரஜன், நியான், ஸெனான் என்று குறுக்கே எழுதி, எந்த விடை எந்தப் பத்தியில் தேறுகிறது என்று நிரப்பலாம். எந்த வரியும் முழுதாக நிரம்பாது, அதுதான் பலகையின் செய்தி.

மைய அட்டைக்கு எங்கள் வாசகம் இது: "கடல் நீரின் பெரும்பகுதி, பூமி திரண்ட கற்களிலேயே ஹைட்ரஜனாக இருந்திருக்கலாம். நைட்ரஜனிலும் நீரின் ஒரு பங்கிலும் கரிமச் சிறுகோள்களுக்குக் கை உண்டு. ஸெனானில் ஐந்தில் ஒன்று வால்விண்மீன்களுடையது. ஆழத்திலுள்ள நியான் நெபுலாவின் எச்சம். ஆர்கான் இங்கேயே பிறந்தது." விழுக்காடுகளை மட்டும் தனிச் சீட்டில் எழுதி ஒட்டுங்கள், பென்னு மண்ணின் ஆய்வு இன்னும் வந்துகொண்டிருக்கிறது, அட்டை முழுவதையும் மறுபடி எழுத வேண்டியிருக்காது. இடம் போதாவிட்டால் முதலில் எடுக்க வேண்டியது டிரை ஐஸ், அடுத்தது மயில்துத்தம். ஜல்லித் தட்டை மட்டும் கடைசி வரை எடுக்காதீர்கள்.